ஓல்டான்

அந்த மிஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஷைலா மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள். வேறு யாரும் சொல்லவில்லை, மிஷினே சொன்னது.

“நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். நன்றி.”

ரயில் நிலையத்தில், வண்டி வர இன்னும் நாற்பது நிமிடம் ஆகும் என்பதைக்கூடத் தேன் தடவிச் சொல்லும் ஒரு பெண் இருக்கிறாளே, அவளுடைய குரல். அந்தக் குரல் அயனம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில், கண்டக்டர் அந்தோணிராஜ் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், பதினாறு வயசுப் பெண்ணின் மடியிலிருந்து கேட்டது. அந்த வீட்டில் அதுவரை யாரும் யாருக்கும் நன்றி சொன்னது கிடையாது. தண்ணீர் கொடுத்தால் குடிப்பார்கள், சொம்பைக் கீழே வைப்பார்கள். மகிழ்ச்சி என்ற வார்த்தையைச் சாமியார் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.

சிலேட்டுப் பலகை அளவில் ஒரு டேப்லெட். அதில் இருபத்து நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். சொம்புப் படத்தைத் தொட்டால், “எனக்குத் தண்ணீர் வேண்டும்.” தட்டுப் படத்தைத் தொட்டால், “எனக்கு உணவு வேண்டும்.” கும்பிடும் கையைத் தொட்டால், “வணக்கம், ஐயா.” சிரிக்கும் மஞ்சள் மூஞ்சியைத் தொட்டால் மகிழ்ச்சி. இதற்கு ஜோடியாக ஒரு கைப்பட்டை. ஷைலா கையை உதறினாலோ, வாயைத் திறந்து அர்த்தமில்லாமல் எதையாவது சொன்னாலோ அந்தப் பட்டை கிர்ரென்று அதிரும். சாயங்காலம் அம்மாக்காரியின் போனுக்கு ரிப்போர்ட் வரும். இன்றைய அமைதி இத்தனை சதவீதம், இன்றைய மகிழ்ச்சி இத்தனை முறை.

அமைதியைச் சதவீதத்தில் அளந்த மகானுபாவன் எவன் என்று அம்மாக்காரி ஞானகுமாரி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவள் அந்த ரிப்போர்ட்டை தெருவில் மாதாகோயில்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். “ஆண்டவரோட சோதனை ஞானம், தாங்கிக்கத்தான் வேணும்” என்று பதிமூன்று வருஷமாக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மங்களம், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “தொண்ணூறா! என் பேரன் கணக்குல வாங்குறது முப்பத்தெட்டு” என்றாள். ஞானகுமாரிக்கு அன்று நெஞ்சு நிமிர்ந்தது. மங்களத்தை வாயடைக்க வைப்பது சாதாரணமா என்ன?

*

அர்த்தமில்லாமல் எதையாவது சொன்னால் என்று, ஷைலா பகலில் போகிற வேலப்பன்சாவடி சிறப்புப் பயிற்சி மையத்துக்காரர்கள், இந்த மிஷினைக் கொடுத்தவர்கள், சொன்னது எதை என்று சொல்ல வேண்டும்.

ஷைலாவுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். ஐந்து வயது வரை பேச்சே இல்லை. எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாத அந்த வருஷம், ஞானகுமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வேலை பார்க்கிற மாநகரப் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவாள். பூந்தமல்லியில் ஏறினால் கடைசி ஸ்டாப்பிங் போய்த் திரும்பும்வரை குழந்தை அழாது. ஸ்டாப்பிங் வந்ததும் அந்தோணிராஜ் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் படாரென்று தட்டி, “ஓல்டான்!” என்பான். வண்டி நிற்கும். எல்லாரும் ஏறியதும், “ரைட்!” என்பான். வண்டி போகும். எந்தக் காலத்து வெள்ளைக்காரனோ விட்டுப்போன ‘ஹோல்ட் ஆன்’, மெட்ராஸ்காரன் வாயில் ஊறி ஓல்டான் ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய வண்டி ஒரு வார்த்தைக்கு நிற்கிறதே என்று குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் தலைவாரும்போது சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தது. குழந்தை திரும்பிச் சொன்னது: “ஓல்டான்.”

ஞானகுமாரி சீப்பைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

அதற்கப்புறம் அந்த ரெண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஷைலா குடித்தனமே நடத்தினாள். சோறு போதுமா? ஓல்டான். டிவி சத்தமா? ஓல்டான். மாமா வந்து கன்னத்தைக் கிள்ளினால் ஓல்டான். கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளித்தபோது அவர் முகத்துக்கு நேராகவே ஓல்டான். பிடித்திருந்தால் ரைட். தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஞானகுமாரி போகிற கம்பெனி வேனில் அவளும் ஏறுவாள். வேலப்பன்சாவடியில் மையத்து வாசலில் அவளை இறக்கிவிட்டு வேன் திருமழிசைக்குப் போகும். வளைவில் வேன் சாயும்போது ஷைலா ஓல்டான் என்று கத்தி, டிரைவர் ரெண்டு தடவை நிஜமாகவே பிரேக் போட்டிருக்கிறான். வேனில் இருந்த பெண்கள் பதிமூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஞானகுமாரிக்கு உடம்பெல்லாம் கூசும்.

மிஷின் வந்தபின் அந்த ஓல்டான் நின்றது. ஆறு வாரத்தில் சுத்தமாக நின்றது. வேனில் ஷைலா மடியில் கையை வைத்துக்கொண்டு பொம்மையாக உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொன்னால், ஞானகுமாரிக்கு அது பிடித்திருந்தது.

*

திருமழிசை எஸ்டேட்டில் ஞானகுமாரி பார்ப்பது மூடி வேலை. அச்சு திறந்ததும் பிளாஸ்டிக் மூடிகள் சூடாகக் கொட்டும். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்ன பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டியது ஒரு கூடை, கோணலானது ஒரு கூடை. கோணலானதை அரைத்து மறுபடி அச்சுக்குள் ஊற்றுவார்கள். புரட்டாசிப் புழுக்கத்தில், தகரக் கூரைக்கு அடியில், மிஷின் சூட்டில், எட்டு மணி நேரம். பக்கத்து ஸ்டூலில் பேபி. அவள் திருமழிசைக்காரி. இதே எஸ்டேட் இருக்கிற இடத்தில்தான் அவள் அம்மா நாற்று நட்டாளாம். அந்தக் கதையை ஒரு நாளும் ஏக்கத்தோடு சொன்னதில்லை. “அப்பவும் முதுகு வலி, இப்பவும் முதுகு வலி, இப்ப காத்தாடி கீது” என்பாள்.

“இன்னாடி, போனையே பாத்து இளிச்சிகினு கீற?” என்றாள் பேபி.

“நேத்து ரிப்போர்ட்ட பாத்துகினு கீறேன். தொண்ணூத்தி மூணு பர்சன்ட்டு அமைதியாம் ஷைலா.”

“தொண்ணூத்தி மூணா? அப்ப செத்த பொணத்துக்கு நூறு குடுப்பானுங்களா?”

“வாயக் கழுவுடி.”

“இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். எங்க ஊட்டுக்காரனுக்கு ஒண்ணு வாங்கிக் குடேன். குட்ச்சிட்டு வந்து கத்தும்போதெல்லாம் கிர்ருனு அடிக்கட்டும்.”

“அடிக்காதுடி. சும்மா ஒரு நடுக்கம். ஞாபகப்படுத்துதாம். மையத்து மேடம் சொன்னாங்க.”

“நீ கட்டிப் பாத்தியா?”

ஞானகுமாரி பிளேடை மூடி விளிம்பில் ஓட்டினாள்.

“சரி, அத்த உடு. ஓல்டான் சொல்லுதா இப்பல்லாம்?”

“அது நின்னு போச்சு. இப்பல்லாம் மிஷின்தான் பேசுது.”

“மிஷின்ல ஓல்டானுக்குக் கட்டம் கீதா?”

“இல்ல.”

“வாணாம்னு?”

ஞானகுமாரி மனசுக்குள் ஒவ்வொரு கட்டமாகப் போய்ப் பார்த்தாள். தண்ணீர், உணவு, கழிவறை, வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா, தயவுசெய்து, நான் தயார், நான் நல்ல பெண், மகிழ்ச்சி, நன்றி. இருபத்து நாலையும் பார்த்தாள். “இல்லடி” என்றாள்.

“நல்லா கீது போ! எட்டு மணி நேரம் உக்காந்து மூடி சொரண்டுற நமக்கே வாணாம்னு சொல்ல ஒரு வாய் கீது. சூப்பர்வைசர் கனிமொழி காதுல வாங்காது, அது வேற சமாச்சாரம். ஒம் பொண்ணு போதும்ன்றதுக்கு இப்ப இன்னாதான் பண்ணுது?”

அந்தக் கேள்வி மூடி மிஷின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று, சனிக்கிழமை, ஷிப்ட் முடியும்வரை ஞானகுமாரி ஒழுங்காக ஒரு மூடியும் சுரண்டவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மீன்குழம்பு வைத்தாள். புரட்டாசியில் அக்கம்பக்கத்து வீடுகளில் கவுச்சி தொட மாட்டார்கள் என்பதால் மீன் சல்லிசு. ஏரி ஜிலேபி மீனைப் புளி கரைத்து, மாங்காய் போட்டு வைத்திருந்தாள். அந்தோணிராஜுக்கு வாராந்திர ஓய்வு. கைலியோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். ஷைலா தட்டுக்கு முன்னால், மிஷின் பக்கத்தில்.

ரெண்டு கரண்டி சோறு. ஷைலாவுக்கு எப்போதும் ரெண்டு கரண்டி, அப்புறம் ஓல்டான். பதினோரு வருஷமாக மாறாத கணக்கு. ஞானகுமாரி மூன்றாவது கரண்டியைப் போட்டாள்.

ஷைலா நிமிர்ந்து பார்த்தாள். வாய் ஓ என்று குவிந்தது. கை மேலே எழுந்தது. பட்டை கிர்ரென்றது. வாய் மூடிக்கொண்டது. எழுந்த கை இறங்கிப் போய் மஞ்சள் மூஞ்சியைத் தொட்டது.

“நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். நன்றி.”

“பாத்தியா! மீன் கொழம்புன்னா கொழந்தைக்கு இன்னா சந்தோசம்!” என்றான் அந்தோணிராஜ்.

நாலாவது கரண்டி.

“நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். நன்றி. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். நன்றி.”

ஞானகுமாரி கரண்டியைச் சட்டியில் போட்டாள். ஷைலாவின் கையைப் பிடித்தாள். உடனே மறு கை போய் மஞ்சள் மூஞ்சியை அமுக்கியது. மகிழ்ச்சி. விட்டாள். ஷைலாவும் விட்டாள். மறுபடி பிடித்தாள். மகிழ்ச்சி. விட்டாள். அமைதி. ஆணியில் தொங்கிய சீப்பை எடுத்து மகளின் தலைக்குப் பக்கத்தில் சும்மா காட்டினாள். மகிழ்ச்சி, மகிழ்ச்சி, மகிழ்ச்சி!

சாயங்காலம் கூப்பிடப் போகும்போது மையத்து ஜன்னல் வழியாக அவள் எத்தனையோ நாள் பார்த்ததுதான். மணிகோர்க்கச் சொல்லி டீச்சர் கையைப் பிடித்து அழுத்துவாள். ஷைலா மஞ்சள் மூஞ்சியைத் தொடுவாள். டீச்சர் “வெரி குட்!” என்று பிடியை விட்டுக் கைதட்டுவாள். அதுவரை அது டீச்சரின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் இந்தப் புத்திசாலி அம்மா. ஷைலாவின் வாயை அடைத்தார்கள். இவளோ அவர்கள் கொடுத்த இருபத்து நாலில் எதைத் தொட்டால் பிடித்த கையை விடுகிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்து, அதையே தன் ஓல்டானாக வைத்துக்கொண்டாள்.

ஞானகுமாரி போனை எடுத்தாள். நேற்றைய மகிழ்ச்சி: நூற்று நாற்பத்து மூன்று முறை. பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம்.

“யோவ், இத்த பாரு. நூத்தி நாப்பத்து மூணு தடவ வாணாம்னு சொல்லிகீதுய்யா எம் பொண்ணு. இவனுங்க அதுக்குப் பூ குடுத்துகீறானுங்க.”

“இன்னாம்மே ஒளற்ற?”

“கையக் காட்டு கண்ணு.” பட்டையைக் கழற்றினாள். அடியில் வேர்வை கட்டி, தோல் உரிந்து, இளஞ்சிவப்பாகப் புண். ஒரு விரல் அகலம், மணிக்கட்டைச் சுற்றி வளையம்.

அந்தோணிராஜ் சோற்றுக் கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஞானகுமாரி பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு ஷைலா மாதிரியே விரல்களை உதறிப் பார்த்தாள். கிர்ர். வலிக்கவில்லை. ஆனால் பின்னால் நின்று எவனோ ஒருத்தன் தோளைத் தட்டுவது போல இருந்தது. நாலாவது தடவைக்கே அவளுக்கு அழுகை வந்தது. ஷைலா ஆறு வாரமாகக் கட்டியிருக்கிறாள்.

“இத்த தூக்கிக் குப்பையில போடு” என்றாள்.

“போடு. போட்டுட்டு?” அந்தோணிராஜின் குரல் இறங்கியிருந்தது. “தொண்ணூறு நாள் கயட்டக் கூடாதுன்னு கையெழுத்து போட்டு வாங்கினு வந்தது நீதான். கயட்டுனா சீட்டு போயிடும். அப்பால யாரு பாத்துக்குவா? நீ வேலய உடுவியா? நா டூட்டிய உடட்டா? பழையபடி வெளில தாப்பா போட்டுட்டுப் போவலாமா?”

அதுதான் விஷயம். மையத்தில் இடம் கிடைப்பதற்கு முன் ரெண்டு வருஷம், காலை எட்டிலிருந்து அந்தோணிராஜ் ஷிப்ட் முடிந்து வரும் ரெண்டு மணி வரை, பெண்ணை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒரு நாள் அவன் வந்து திறந்தபோது கதவின் உள்பக்கம் நகக்கீறலாக இருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு, மறு கையில், பட்டையை ஞானகுமாரியே கட்டிவிட்டாள். ஷைலா மஞ்சள் மூஞ்சியைத் தொட்டாள். என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டேதான் அம்மாக்காரி கொக்கியை மாட்டினாள்.

*

மையத்துத் தலைவி லாவண்யா மேடம் எல்லாப் பிள்ளைகளையும் “நம்ம தேவதைங்க” என்பாள். பேரைக் கேட்டால் ரிஜிஸ்டரைப் பார்ப்பாள். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, எதற்கும் கோபப்படாத ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. அன்றைக்கு ஞானகுமாரிக்குத் தோன்றியது.

“மேடம், அந்த மிஷின்ல வாணாம்னு ஒரு கட்டம் போட்டுக் குடுங்களேன்.”

“அது நெகட்டிவ்மா. அத குடுத்தா நாள் முழுக்க அதையேதான் அமுக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் எப்படி ட்ரெயினிங் குடுக்கறது?”

“அதுக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு மேடம். ஓல்டான்னு.”

“அது வார்த்தை இல்லம்மா. கிளி மாதிரி, கேட்டத திருப்பிச் சொல்றது. அதைத்தான் நாம கஷ்டப்பட்டு நிறுத்தியிருக்கோம்.”

“கை புண்ணாயிருக்கு.”

“வேர்வைதான். பவுடர் போடுங்க.” அதே சிரிப்பு. “சனிக்கிழமை ஃபங்ஷன் இருக்கு தெரியுமில்ல? ஷைலாதான் ஸ்டார். இந்த மையத்துலயே அவதான் மகிழ்ச்சியில ஃபர்ஸ்ட். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.”

மகிழ்ச்சியில் ஃபர்ஸ்ட்! பதினோரு வருஷமாக ஒரு பெண் தன் வாயால் சொன்னதைக் கிளிப்பேச்சு என்கிறாள். அவள் விரலைப் பிடித்து அமுக்கிப் பழக்கினதைப் பேச்சு என்கிறாள். இதற்குப் பட்டம் வாங்கி, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டியிருக்கிறாள். த்தூ!

*

சனிக்கிழமை மையத்து வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வானம் மூட்டம் போட்டு, காற்றே இல்லை. நன்கொடை கொடுத்தவர்கள் முன்வரிசை சோபாவில். பெற்றவர்கள் பின்னால் இரும்பு நாற்காலிகளில். காலை ஷிப்டைப் பாதியில் மாற்றிக் கொடுத்துவிட்டு அந்தோணிராஜ் காக்கிச் சட்டையோடு வந்திருந்தான்.

டிபன் மேசைக்குப் பக்கத்தில் மிஷின் செய்கிற கம்பெனியின் பையன் நின்று கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கழுத்து அட்டையில் உதயகுமார் என்று இருந்தது. ஞானகுமாரி நேராகப் போனாள்.

“ஏன் நைனா, மிஷின்ல வாணாம்னு ஒரு கட்டம் வெக்க ரொம்ப செரமமா?”

“இருக்கேம்மா” என்றான் அவன், வாயில் கேசரியோடு. “வேண்டாம், நிறுத்து, வலிக்குது எல்லாம் வெச்சுதான் குடுக்குறோம். உங்க சொந்த வார்த்தையக்கூட உங்க குரல்லயே பதிஞ்சு போட்டுக்கலாம். மையத்துல மறைச்சு வெச்சிருப்பாங்க. அது அவங்க விருப்பம்.”

“இருந்த கட்டத்த மறைச்சாங்களா?”

“ஒரு செட்டிங்தாம்மா. ரெண்டு நிமிஷ வேலை.”

“ரெண்டு நிமிசத்துல ஒன் வாயில இருக்குற வார்த்தைய ஒருத்தி மறைச்சு வெச்சா ஒத்துக்குவியா நைனா?”

அவன் கேசரித் தட்டைப் பார்த்தான். “நாங்க டூல்தாம்மா குடுக்குறோம்” என்றான். நல்ல பையன்தான். யாரையும் வாயடைக்கவில்லை, அடைக்கிறதுக்குப் பூட்டு மட்டும் செய்து கொடுத்திருக்கிறான்.

மேடையில் ஷைலாவை ஏற்றினார்கள். ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. ஷைலா காதைப் பொத்தப் போனாள், பட்டை அதிர்ந்தது, கை இறங்கியது. மஞ்சள் மூஞ்சி.

“நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். நன்றி.”

மைக்கில் அது ஊருக்கே கேட்டது. கைதட்டல். சிறப்பு விருந்தினர், தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக ஒருத்தர், அவள்மேல் சரிகைப் பொன்னாடையைப் போர்த்தினார். சரிகை கழுத்தில் குத்தியது. மகிழ்ச்சி, நன்றி. தோளில் கைபோட்டு, போனை நீட்டி, செல்ஃபி எடுத்தார். மகிழ்ச்சி, நன்றி. மகிழ்ச்சி, நன்றி. போட்டோகாரன் பளிச் பளிச்சென்று அடித்தான். மகிழ்ச்சி, மகிழ்ச்சி, மகிழ்ச்சி. ஷைலாவின் விரல் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் ஏறியது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் விரல் இன்னும் வேகமாக அடித்தது. விருந்தினர் இன்னும் நெருக்கி நின்றார்.

“பாருங்க, எவ்ளோ மகிழ்ச்சி!” என்றாள் லாவண்யா மேடம் மைக்கில். “நிறுத்தவே மாட்டேங்கறா!”

கூட்டம் சிரித்தது.

ஞானகுமாரி புருஷனின் காக்கிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “இன்னா சொல்லுது பாருய்யா. அது கத்திகினு கீது. ஒன் வண்டியில ஒரு கொழந்த கத்துனா நிறுத்த மாட்ட?”

அந்தோணிராஜ் மேடையைப் பார்த்தான். மகளின் வாய் குவிவதையும் மூடுவதையும் பார்த்தான். அவன் வார்த்தை அது. அந்த வாயில் அதை வைத்தவன் அவன்தான். எழுந்தான். முன்னால் இருந்த இரும்பு நாற்காலியின் முதுகில் உள்ளங்கையால் படாரென்று அடித்தான்.

“ஓல்டா...ன்!”

இருபத்து ரெண்டு வருஷம் பூந்தமல்லி ரோட்டில், லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. கைதட்டின கைகள் அப்படியே நின்றன. போட்டோகாரன் கேமராவை இறக்கினான். விருந்தினர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்ததற்கு அவருக்கே காரணம் தெரியாது. மஞ்சள் மூஞ்சிக்கு மேலே ஷைலாவின் விரல் நின்றது.

ஞானகுமாரி மேடை ஏறிப் பொன்னாடையை உருவி சோபாவில் போட்டாள். பட்டையைக் கழற்றி, மிஷினோடு சேர்த்து மைக் மேசைமேல் வைத்தாள். மகளின் ரெண்டு மணிக்கட்டையும் தூக்கிக் காட்டினாள்; ஒன்றில் பழைய புண், மற்றதில் புதுச் சிவப்பு.

“நல்லா பாத்துக்குங்க. இதான் மகிழ்ச்சி.”

“அம்மா, ப்ளீஸ். வெளிய பேசிக்கலாம்” என்றாள் லாவண்யா மேடம். சிரிப்பு இப்போதும் இருந்தது, கொஞ்சம் கோணலாக. “ரூல்ஸ் தெரியுமில்ல? இப்போ கழட்டினா, திங்கட்கிழமை ஷைலாவுக்கு இங்க இடம் இல்ல.”

“தெரியும். வெச்சிக்க ஒன் எடத்த.” ஞானகுமாரியின் குரல் மைக்கில் பட்டு ஷாமியானாவெல்லாம் எதிரொலித்தது. “மிஷின நா கொற சொல்ல மாட்டேன். தண்ணி கேட்டுது, பாத்ரூம் கேட்டுது, நல்லாத்தான் இருந்துது. மிஷினுக்குள்ள வாணாம்னு ஒரு வார்த்த இருந்துதாமே? அந்தப் புள்ள வெச்சானாம், நீ எடுத்தியாம். எம் பொண்ணு வாணாம்னு சொன்னா ஒனக்கு இன்னா கொள்ள போவுது? ஆமான்னு சொல்றதுக்கு மட்டும் ஒரு வாயி செஞ்சி, அத எம் பொண்ணுக்குத் தானம் குடுக்கிறியா? மூடி கம்பெனியில கோணலா வந்தத அரைச்சு மறுபடி ஊத்துவோம் மேடம். நீங்க புள்ளைங்கள ஊத்திகினு கீறீங்க.”

பின்வரிசையில் ஒரு அம்மா, தன் மகனின் கையைத் திருப்பிப் பட்டையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்தோணிராஜுக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் ஓட்டி வந்த பஸ் கிடைத்தது. கூட்டம் இல்லை. ஷைலா ஜன்னலோரம், பக்கத்தில் ஞானகுமாரி. அந்தோணிராஜ் பழக்கதோஷத்தில் உட்காராமல் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பேபிக்கு நைட் ஷிப்ட் மாத்திக் குடுப்பாங்களான்னு கேக்கணும்” என்றாள் ஞானகுமாரி. “அவ பகல்ல பாத்துக்குவா, சாங்காலம் நா வந்துடுவேன். கனிமொழி கையில கால்ல உழுந்தாவது.”

“நா மத்தியான ஷிப்ட் கேக்கறேன். காலையில நா பாத்துக்குறேன்” என்றான் அந்தோணிராஜ். “தாப்பா மட்டும் வாணாம்மே.”

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. ஞானகுமாரிக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. ஏழு வாரம். அதிலும் கடைசி ஆறு நாள், தெரிந்தே கட்டினது. மகளின் புண்பட்ட கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். தடவினாள். முத்தமிட்டாள். “மன்னிச்சிக்கோ கண்ணு. ஆத்தாவ மன்னிச்சிக்கோம்மா” என்று சொல்லிச் சொல்லித் தடவிக்கொண்டே இருந்தாள். அவளால் நிறுத்த முடியவில்லை.

ஷைலாவின் இன்னொரு கை மடியில் எதையோ தேடியது. மிஷின் அங்கே இல்லை. அந்தக் கையின் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். பட்டையும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயும் விழுந்திருந்த சிவப்பு வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் குவிந்தது. அதிர்வுக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் அதிரவில்லை.

“ஓல்டான்” என்றாள்.

கரகரத்த, துருப்பிடித்த குரல். படிக்குப் பக்கத்தில் நின்ற அந்தோணிராஜ் சட்டென்று திரும்பினான். பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது.

அவளை அப்படியே வாரிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல ஞானகுமாரிக்குக் கை பரபரத்தது. தடவுவதை நிறுத்தி, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.